பாஸ்கலுக்குப் போடாத ஊசி

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் போய்ச் சிலுவையம்மாள் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஊசிக்காரம்மா வீடு என்று கேட்டால் நாலு பேர் கூடவே வந்து கதவைத் தட்டிக் கொடுப்பார்கள். 1961-இல், இருபத்திரண்டு வயதில், சுகாதார அலுவலகத்தில் காலரா ஊசி போடுகிற வேலைக்குச் சேர்ந்தவள் அவள். எட்டாவது படிப்பு, ஆறு மாதப் பயிற்சி, ஒரு தகரப்பெட்டி. பெட்டிக்குள் இரண்டு கண்ணாடிச் சிரிஞ்சு, ஊசிகள், ஸ்பிரிட் விளக்கு, பஞ்சு, மருந்துக் குப்பிகள், ரப்பர் முத்திரை, சீட்டுப் புத்தகம்.

ஊசி குத்துவது எளிது. ஆளைப் பிடிப்பதுதான் பாடு. ஊசியின் முனைக்கு யாரும் பயப்படவில்லை. அதற்கு அப்புறம் வருகிற இரண்டு நாளுக்குத்தான் பயந்தார்கள். குத்திய இடம் கொழுக்கட்டை மாதிரி வீங்கும். உடம்பு அனலாகக் காயும். கை தோளுக்கு மேலே எழாது. துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவனுக்கும் கட்டுமரம் தள்ளுகிறவனுக்கும் கை எழவில்லை என்றால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் சிலுவையம்மாள் மேசையைப் போட்டதும் தெருவில் ஆண்பிள்ளைகள் குறைந்துவிடுவார்கள்.

ஆனால் திருவிழா என்று வந்தால் தப்ப முடியாது. கூட்டம் சேருகிற ஊர்களில் அந்தக் காலத்தில் ரயிலடியிலும் பஸ் நிற்கிற இடத்திலும் தடுப்பு கட்டியிருப்பார்கள். ஊசி போட்டுக்கொண்ட சீட்டைக் காட்டினால் உள்ளே போகலாம். சீட்டு இல்லையா, அங்கேயே சட்டையைக் கழற்று, கையை நீட்டு. சீட்டில் முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். போட்டு ஆறு நாள் ஆகியிருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மருந்து உடம்பில் பிடிக்கும் என்பது கணக்கு. மாதா திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஆவணி பிறந்ததும் முணுமுணுத்துக்கொண்டே சிலுவையம்மாள் முன்னால் வரிசையில் நிற்பார்கள்.

அப்படி நின்ற வரிசையில்தான் பாஸ்கல் வந்தான். பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்குவான். சாயங்காலமும் திருவிழாக் காலத்திலும் அம்புரோஸ் மாஸ்டரின் பேண்டு கோஷ்டியில் பெரிய டிரம் அடிப்பான். இரண்டு முறை வரிசையில் நின்று, தன் முறை வருகிற நேரத்தில் பீடி வாங்கப் போகிறேன் என்று நழுவினான். மூன்றாவது முறை சிலுவையம்மாள் எழுந்து போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"எனக்கு இன்னாத்துக்கு மே ஊசி? என் டிரம்முக்குப் போடு. ஊர் ஊரா சுத்திக்கினு வர்றது அதான்" என்றான்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே குத்திவிட்டாள். மறுநாள் வேலைக்குப் போகாமல் மேசைக்கு எதிரே வந்து நின்று, வீங்கின கையை எல்லாருக்கும் காட்டினான், ஊசிக்காரம்மா கைவண்ணம் என்று. மூன்றாம் நாள் வாழையிலைப் பொட்டலத்தில் சுடச்சுட வஞ்சிரம் வறுவல் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அடுத்த தை மாதம் கல்யாணம்.

பாஸ்கலுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று டிரம். இன்னொன்று வழிப்பயணத்தில் தின்பது. கோஷ்டி வெளியூர் போனால் மற்றவர்கள் ரயிலில் தூங்குவார்கள். இவன் ஜன்னலில் தலையை நீட்டியபடியே வருவான். எந்த ஸ்டேஷனில் எந்தப் பக்கத்து நடைமேடையில் வடை நல்லது, எந்த ஊர் தாண்டினால் சட்னியில் புளி ஏறும், எந்தக் கோயில் வாசலில் பணியாரத்துக்கு நெய் ஊற்றுவார்கள், எங்கே ஊற்றுவதாகச் சொல்லி ஏமாற்றுவார்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஊர் திரும்பியதும் கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்து சொல்ல ஆரம்பிப்பான். சொல்லும்போது விரலால் தரையில் தாளம் போட்டுக்கொண்டேயிருப்பான். அவனுடைய அம்மா இருதயம்மாள், "மாதாவப் பாக்கப் போனியா, மாவாட்டுறவளப் பாக்கப் போனியாடா?" என்று கேலி செய்வாள். கேலி செய்துவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள்.

சிலுவையம்மாளுக்கு இது தர்மசங்கடம். அலுவலகத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே தெருப் பண்டத்தைத் தொடாதே என்பதுதான். ஈ, மூடாத பாத்திரம், பச்சைத் தண்ணீர் மூன்றையும் பார்த்தால் அவள் கண் தானாகச் சுருங்கும். பாஸ்கலுக்கும் அவளுக்கும் இதில் ஒரு மாதம் வாக்குவாதம் நடந்தது. முடிவில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: அடுப்பிலிருந்து நேராக வாய்க்கு வருவதை மட்டும் தின்னலாம், ஆறினது, அரிந்தது, கரைத்தது எதுவும் கூடாது. கொதிக்கிறதில் கிருமி உயிரோடிருக்காது என்று நீதானே எல்லாருக்கும் சொல்கிறாய் என்று அவன் மடக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காசிமேட்டுக்கு அழைத்துப் போவான். மீன் வறுக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தெருவுக்கு முதுகைக் காட்டி, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அவள் தின்பாள். ஊசிக்காரம்மா தெருவில் நின்று தின்றாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. சூட்டில் நாக்குப் பொத்துப் போகும். கண்ணில் நீர் வரும். அந்த ருசிக்கு ஈடாக வீட்டில் அவள் ஒரு நாளும் சமைத்ததில்லை. மூன்று வருஷமாகக் குழந்தை இல்லை என்று ஊர் பேசியபோதும் இருதயம்மாள் ஒரு வார்த்தை சொன்னவளில்லை. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்த வீடு அது.

1966 ஆவணியில் அம்புரோஸ் மாஸ்டருக்குத் தெற்கே சிப்பித்துறை மாதா கோயில் திருவிழா கிடைத்தது. கொடியேற்றத்திலிருந்து தேர் வரைக்கும் ஒன்பது நாள். கோஷ்டிக்கு அதுவரை கிடைக்காத பெரிய வாய்ப்பு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அத்தனை பேரும் வரிசையாக வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். பாஸ்கல் வரவில்லை. அந்த வாரம் கோதுமைக் கப்பல் வந்திருந்தது, இரட்டை வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிச் சொல்லிக் கடைசி நாளும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சிலுவையம்மாள் வீட்டிலேயே ஊசியைக் கொதிக்க வைத்தாள். பாஸ்கல் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். அவள் பஞ்சை எடுத்துக்கொண்டு வந்தபோது மடித்ததை மெல்ல இறக்கிவிட்டான்.

"நாளைக்கு சாயங்காலம் கொடியேத்தம், சிலுவ. இப்பப் போட்டா நாளைக்குக் கை வராது. பெரிய டிரம் இல்லாம கொடி ஏத்துவாங்களா? மாஸ்டரு மானம் பூடும்."

"வாணாம், இன்னா பேசற நீ. சீட்டு இல்லாம போனா வாசல்லயே புடிச்சிப் போட்டுருவாங்க."

"அதான் சொல்றேன். சீட்டு மட்டும் குடு. திரும்பி வந்ததும் ரெண்டு கையிலயும் போட்டுக்கறேன். உம்மேல சத்தியம்."

அவள் முடியாது என்றாள். அவன் கெஞ்சவில்லை, இடது கையால் டிரம் அடித்தால் எப்படியிருக்கும் என்று பெஞ்சில் தட்டிக் காட்டினான். தாளம் நொண்டியது. இருதயம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

சிலுவையம்மாள் யோசித்தாள். வேறு யாராவது வந்து இதே மாதிரிக் கேட்டிருந்தால் யோசித்திருக்கவே மாட்டாள். கல் மாதிரி உடம்பு. நாலு வருஷமாக ஊர் ஊராகத் தின்றுவிட்டு வருகிறான், ஒரு நாள் வயிற்றுவலி என்று படுத்ததில்லை. சூடாக இருப்பதைத்தான் தின்பான். அதோடு, அவள் படித்த படிப்பே அவளுக்கு ஒரு சமாதானம் எடுத்துக் கொடுத்தது: இப்போது போட்டாலும் ஆறு நாள் கழித்துத்தானே பிடிக்கும்? அதுவரைக்கும் போட்டவனும் போடாதவனும் ஒன்றுதானே?

சீட்டை எடுத்து ஒரு வாரம் முந்தின தேதி போட்டாள். பெயர் எழுதினாள். முத்திரையை வாயால் ஊதி அழுத்தினாள். பாஸ்கல் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போய்க் கொதித்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு வந்தான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் தந்தி வந்தது. மாமியாரும் மருமகளும் அன்றைக்கே ரயில் ஏறினார்கள். போய்ச் சேர்ந்தபோது புதைத்து முடித்திருந்தார்கள். காலராவில் போன உடம்பை வைத்திருக்க மாட்டார்கள், வெளியூருக்கு எடுத்துப் போகவும் விட மாட்டார்கள். அது அவளுக்கே தெரிந்த சட்டம். அவளே எத்தனையோ வீடுகளில் நின்று சொன்ன சட்டம். துணிமணியை எரித்துவிட்டார்கள். மண்ணின்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு தூவியிருந்தது. இருதயம்மாள் அதன்மேல் விழுந்து அழுதாள். சிலுவையம்மாள் நின்றுகொண்டே இருந்தாள்.

பிறகு அம்புரோஸ் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, அவன் என்னென்ன சாப்பிட்டான், எங்கே, எந்நேரத்துக்கு என்று கேட்டாள். காலரா கண்ட வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளும் கேள்விகள் அவை. மாஸ்டர் அழுதுகொண்டே சொன்னார். ஏழாம் நாள் காலையில் புட்டு, ஆவி பறக்க. பத்து மணிக்கு மீன் வறுவல். மத்தியானம் நேர்த்திக்கடனாக ஒருவர் ஊற்றிய கஞ்சி. மூன்று மணிக்கு வெயிலில் ஊர்வலம், ஒன்றரை மைல். ஊர்வலம் முடிந்ததும் வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய அன்னாசிப் பத்தை. அப்புறம் ஒரு குடும்பம் வேண்டுதலுக்காகப் பானகம் கரைத்து வைத்துக்கொண்டு, வாத்தியக்காரர்களுக்குத்தான் முதலில் என்று பிடிவாதமாக நீட்டியது. வேண்டுதல் தண்ணீரை எப்படி வேண்டாம் என்பது? இரண்டு குவளை குடித்தான். இரவுக்குப் பரோட்டா.

அன்னாசியா, பானகமா, கஞ்சியா என்று அவளால் விரல் வைக்க முடியவில்லை. கோஷ்டியில் எல்லாரும் எல்லாவற்றையும் தின்றிருந்தார்கள். இரண்டு பேருக்கு வயிற்றோட்டம் கண்டு தெளிந்துவிட்டது. பாஸ்கலுக்கு எட்டாம் நாள் விடியலில் ஆரம்பித்து, பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

எட்டாம் நாள். கிளம்பின அன்றைக்கு ஊசி போட்டிருந்தால் ஆறு நாள் கழிந்து மருந்து பிடித்திருக்கும். ரயிலில் திரும்பி வரும்போது இந்தக் கணக்கை அவள் விரல் மடக்கி மடக்கிப் போட்டாள். எத்தனை முறை போட்டாலும் அதே விடைதான் வந்தது.

ராயபுரம் துக்கம் கேட்க வந்தது. வந்தவர்களில் ஒரு கிழவி, ஊசிக்காரி புருஷனுக்கே இந்தக் கதியா என்று ஆரம்பித்தாள். இருதயம்மாள் பாய்ந்துவிட்டாள். மருமகளை யாராவது ஒரு சொல் சொல்லிவிடப் போகிறார்களே என்பதுதான் அவளுக்குப் பயம்.

"எம்மருமவள ஒரு வார்த்த சொல்லாத. அவ கையாலயே ஊசி போட்டுத்தான் அனுப்சா. சீட்டு அவன் பைல இருந்திச்சி, மாஸ்டரு பாத்தாரு. மருந்துதான் கலீஜு மருந்து. அதுக்கு அவ இன்னா பண்ணுவா?"

சிலுவையம்மாள் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. முதல் நாள் திறக்காத வாய் இரண்டாம் நாள் இன்னும் கனத்தது. வாரக் கடைசியில் இருதயம்மாளின் சொல் மீன் மார்க்கெட் வரைக்கும் போய்விட்டது. பெற்ற தாயே சொல்கிறாள், ஊசிக்காரியே தன் புருஷனுக்குப் போட்ட ஊசி, அதுவே காப்பாற்றவில்லை. நமக்கு எதற்கு இரண்டு நாள் பேஜாரு? ஊசி வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்த பேட்டைக்கு, யாரும் எதிர்த்துப் பேச முடியாத காரணமாகப் பாஸ்கல் கிடைத்தான்.

ஒரு மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பி மேசையைப் போட்டபோது முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். அடுத்த நாள் நாலு பேர். கிருஷ்ணப்பன் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார். கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் ஷெட் வாசலில் இட்டிலி விற்கிற கெங்கம்மாவிடம் சிலுவையம்மாளே நேரில் போனாள். ஊர்ச் சனத்துக்குப் பண்டம் விற்கிறவள் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிப் பார்த்தாள். கெங்கம்மா கோபப்படவில்லை, இரக்கமாகத்தான் பார்த்தாள்.

"உன் வூட்டுக்காரனுக்கே வேல செய்யல. இன்னும் அதத் தூக்கிக்கினு சுத்துறியே, தாயி. வா, உக்காரு. சூடா கீது, ரெண்டு துன்னு."

சிலுவையம்மாள் உட்காரவில்லை.

அந்த வாரம் அம்புரோஸ் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். இருதயம்மாள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம். தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தவர், கொடியேற்றத்தன்று பாஸ்கலோடு தோளோடு தோளாக நின்றதாகச் சொன்னார். மற்றவர்களுக்கு ஒரு வாரத்துக்கு முந்தின வீக்கமே இன்னும் லேசாகத் தெரிந்தது. பாஸ்கலுடைய கையில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. கேட்டதற்கு அவன் சிரித்தானாம்.

"கொடியேத்தத்துக்காகத்தான் அவன் போட்டுக்கலன்னு எனக்குத் தெரியும்மா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாத. அந்தக் கெய்விக்கு நீ ஒருத்திதான் கீற."

அவர் ஆறுதலாகச் சொன்ன சொல் அது. அதற்கப்புறம் அவளுக்கு ராத்தூக்கம் போயிற்று. சொன்னால் வேலை போகும். வேறு பிழைப்பு இல்லை. அதைக்கூடத் தாங்கலாம். தினமும் தன் தட்டில் மீனின் நடுத்துண்டை எடுத்து வைக்கிற அந்த அம்மாளின் முகம் மாறுவதை எப்படித் தாங்குவது?

ஐப்பசி மழையில் கொருக்குப்பேட்டையில் சாக்கடை எது, குழாய்த் தண்ணீர் எது என்று தெரியாமல் போயிற்று. கெங்கம்மாவுக்கும் அவள் புருஷன் மண்ணாங்கட்டிக்கும் ஒரே நாளில் காலரா கண்டது. கை ரிக்‌ஷாவில் இரண்டு பேரையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கெங்கம்மா பிழைத்தாள். கூட்ஸ் ஷெட்டில் இருபது வருஷம் ரயில் பெட்டிகளைக் கோத்துவிட்ட மண்ணாங்கட்டி பிழைக்கவில்லை. அவளிடம் இட்டிலி தின்றவர்களில் இன்னும் ஆறு பேர் படுத்தார்கள்.

மறுநாள் கிருஷ்ணப்பன் கூட்ஸ் ஷெட் வாசலிலேயே மேசையைப் போடச் சொன்னார். சுற்றிக் கூட்டம் நின்றது. யாரும் கிட்டே வரவில்லை. வேடிக்கை பார்ப்பதற்குக் காசு உண்டா? பன்னிரண்டு மணிக்கு இருதயம்மாள் சோற்றுத் தூக்கோடு ராயபுரத்திலிருந்து நடந்து வந்தாள். சேறு முழங்கால்வரை. கூட்டத்தில் யாரோ, ஊசிக்காரி புருஷன் கதை தெரியாதா என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் தூக்கை வைக்காமலே வழக்கமான பதிலைத் தொடங்கினாள். எம்மருமவ கையாலயே போட்டா, அவ மேல இன்னா தப்பு...

"அத்த" என்றாள் சிலுவையம்மாள்.

இருதயம்மாள் நிறுத்தினாள்.

"நான் போடல. அவருக்கு நான் ஊசி போடல. கை வீங்கினா டிரம் அடிக்க முடியாதுன்னு சொன்னாரு. பொய்த் தேதி போட்டுச் சீட்டு மட்டும் எழுதிக் குடுத்தேன். மத்தவங்க அத்தினி பேரும் போட்டுக்கினாங்க, எல்லாரும் உசுரோட வந்தாங்க. இவரு ஒருத்தருதான் போட்டுக்கல."

கிருஷ்ணப்பன் குடையை மடக்கப் போனவர் அப்படியே நின்றார். இருதயம்மாள் மருமகளைப் பார்க்கவில்லை. மேசைமேல் எரிந்துகொண்டிருந்த ஸ்பிரிட் விளக்கைப் பார்த்தாள். தூக்கை மேசையின் ஓரத்தில் வைத்தாள். திரும்பி, வந்த சேற்றிலேயே நடந்து போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் கையை நீட்டினாள். அப்புறம் அவள் புருஷன். அப்புறம் ஷெட்டுக்காரர்கள். அன்று பொழுது இறங்குவதற்குள் சிலுவையம்மாள் இருநூற்று நாற்பது ஊசி போட்டாள். ஒவ்வொருவரும் கையை நீட்டினார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசி மருந்துக் குப்பி காலியானதும் கிருஷ்ணப்பன் அருகில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நூறு பேரு கேட்டாச்சும்மா. நான் மட்டும் கேக்கலன்னு எப்பிடி எழுதறது?"

எழுத வேண்டியதை எழுதுங்க சார் என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்தபோது இருதயம்மாளின் பெட்டி இல்லை. கத்திவாக்கத்தில் அவளுடைய தம்பி குடும்பம் இருந்தது, அங்கே போய்விட்டாள். திட்டவில்லை, சபிக்கவில்லை, ஊரைக் கூட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதிருக்கலாம்.

வேலை போயிற்று. ஏழெட்டு மாதம் சும்மா இருந்த பிறகு, கிருஷ்ணப்பன்தான் சொல்லிப் பிடித்து அதே அலுவலகத்தில் தினக்கூலியாகச் சேர்த்துவிட்டார். ஊசியைத் தொடக் கூடாது. கிணறுகளுக்கும் தொட்டிகளுக்கும் பிளீச்சிங் பவுடர் தூவுகிற வேலை. வாளியைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூரிலிருந்து வியாசர்பாடி வரைக்கும் நடந்தாள். கைவிரல்கள் வெளுத்துத் தோல் உரிந்தன. மாதா மாதம் முதல் ஞாயிறு கத்திவாக்கம் பஸ்ஸில் ஏறி, இருதயம்மாளின் தம்பி பெண்சாதியிடம் அரிசியும் வெற்றிலையும் கொடுத்துவிட்டு வாசலிலிருந்தே திரும்பிவிடுவாள். உள்ளே வா என்று ஒரு குரலும் வரவில்லை. கொடுத்ததைத் திருப்பி அனுப்பவும் இல்லை. இப்படியே ஏழு வருஷம்.

1974-இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. திருவிழாக்களுக்குப் போகிறவர்கள் இனிமேல் காலரா ஊசிச் சீட்டுக் காட்ட வேண்டியதில்லை. அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த லேடி டாக்டர், பழைய சீட்டுப் புத்தகங்களைக் கட்டி வைக்கச் சொல்லும்போது சாதாரணமாகச் சொன்னாள்: அந்த ஊசி போட்டவர்களில் பாதிப் பேருக்குத்தான் பலன் கொடுத்தது, அதுவும் சில மாதங்களுக்கு மட்டும், மீதிப் பாதிக்குப் போட்டதும் போடாததும் ஒன்றுதான். நல்ல தண்ணீர் கொடுப்பதுதான் வழி.

சிலுவையம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். பாதியா டாக்டர் என்று கேட்டாள். ஏறக்குறையப் பாதி என்றாள் டாக்டர்.

முதல் ஞாயிறுக்குக் காத்திராமல் அன்றைக்கே பஸ் ஏறினாள். எட்டு வருஷத்தில் முதல்முறையாக நெஞ்சிலிருந்து பாரம் இறங்கின மாதிரி இருந்தது. போட்டிருந்தாலும் போயிருக்கலாம். போட்டிருந்தாலும்! இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே வந்தாள். எண்ணூர்ச் சாலையில் பஸ் திரும்பும்போது அந்த வாக்கியத்தின் மறுபக்கமும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் இறங்கி நடந்தாள்.

இருதயம்மாள் கழிமுகத்துப் பக்கமாகக் குடிசை வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கண்பார்வை மங்கியிருந்தது, விரல் மட்டும் வேகமாக ஓடியது. சிலுவையம்மாள் எதிரே குந்தி உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைச் சொன்னாள். முழுதும் சொல்லி முடிக்கும்வரை இருதயம்மாள் கை நிற்கவில்லை.

"பாதிப் பேர காப்பாத்துமாம்ல."

"ஆமா அத்த."

"எம்புள்ள எந்தப் பாதில இருந்திருப்பான்?"

"தெரியாது அத்த."

"எனக்குந் தெரியாது. போட்டு அனுப்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

குரலில் கோபம் இல்லை. கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிறவளின் குரல். சிலுவையம்மாள் தலையை ஆட்டினாள். பஸ்ஸிலேயே தெரிந்துகொண்ட பதில்தான்.

கூடையில் இன்னும் பாதி இறால் கிடந்தது. சிலுவையம்மாள் புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரு பிடியை அள்ளித் தன் பக்கம் வைத்துக்கொண்டு உரிக்கத் தொடங்கினாள். பிளீச்சிங் பவுடரில் வெடித்திருந்த விரல்களில் இறாலின் உப்புநீர் எரிந்தது. இருதயம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. உரித்ததைப் போடுவதற்கு அலுமினியத் தட்டை இரண்டு பேருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள்.

வெயில் தாழ்ந்து, கூடை காலியானது. இருதயம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி உள்ளே போனாள். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுச் சிலுவையம்மாள் எழுந்து, பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.